துரு மட்டும் பிடித்திருந்த வண்டி

அந்த வட்டாரத்தில் நெடுநாள் ஓடாமல் கிடக்கும் காரை மறுபடி ஓட வைக்க வேண்டுமென்றால் கட்டைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, அவர் வேலை முடித்துப் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். மனிதர் அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் எப்போதும் கிடக்கும் மரக்கட்டைகளால் வந்தது அந்தப் பட்டப்பெயர். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரித்துச் செதுக்கிய கட்டைகள். எந்த வண்டியாக இருந்தாலும் சரி, பலகை போட்ட மாதிரி சமதரையில் நின்றாலும் சரி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையைச் செருகி, காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கிய பிறகுதான் பையிலிருந்து ஸ்பானரை வெளியே எடுப்பார்.

"கட்டைக்காரரே, வண்டி செத்துப் பல மாசம் ஆச்சு. எந்திரிச்சு ஓடிடும்னா பயப்படுறீங்க?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார்.

"செத்ததுதான் சார் ஓடும். உசுரோட இருக்கிறது சொன்னா நிக்கும்," என்றார் இவர், சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருக்கு வேடிக்கையாகப் பேச வராது. முன்பு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் நல்ல வேலையில் இருந்தவர்தான். அங்கே காரை அப்படியே தலைக்கு மேலே தூக்கி நிறுத்தும் இயந்திரம் ஒன்று வந்தது. மற்ற மெக்கானிக்குகள் இனிமேல் முதுகு வலிக்காது என்று கைதட்டினார்கள். இவர் அதன் அடியில் போய் நின்றால் ஸ்பானர் பிடித்த கை நடுங்கியது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் வண்டி பார்க்க ஆரம்பித்தார். இடி இடித்தால் கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவார். நாய் குரைக்கும் தெருவென்றால் சுற்றிக்கொண்டு போவார். ஸ்கூட்டர் அவர் பெயரில் இருந்ததே தவிர, நெரிசலில் ஓட்டப் பயம். விடுமுறை நாட்களில் அவர் மனைவிதான் ஓட்டுவார், இவர் பின்னால் உட்கார்ந்து வருவார். அந்த அம்மாள் வேலை பார்ப்பது டிரைவிங் ஸ்கூலில். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். கடவுள் ஜோடி சேர்க்கும்போது குறும்பாகத்தான் இருப்பார் போலிருக்கிறது.

பயந்தவர் என்பதால் வேலையில் குறை இருக்காது. நின்றுபோன வண்டியில் பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது பிரேக். மழைக்காலத்துக்கு முன்னால் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு வண்டியை மறந்துவிட்டால், பின் சக்கரத்தின் டிரம்முக்குள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ ஈரத்தில் இரும்போடு அப்பிக்கொள்ளும். பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் சக்கரம் விடாது. பலர் அப்போது வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை வெறியோடு மிதிப்பார்கள். ஷூவின் தோல் பிய்ந்து வரும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே ஓடிச் சக்கரம் நெருப்பாகக் கொதிக்கும். கட்டைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். வண்டி நிற்கும் தரையை முதலில் பார்ப்பார். கட்டை வைப்பார். சமதரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு நிறுத்தி, வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்து, அது அசையவில்லை என்று மனது சமாதானமான பிறகு சக்கரத்தைக் கழற்றுவார். டிரம்மின் விளிம்பில் வெளியிலிருந்தபடியே சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுவார். கொஞ்சம் விடுவார், மறுபடி தட்டுவார். கடைசியில் அது மனம் இரங்கியதுபோல் விட்டுக்கொடுக்கும். உள்ளே துடைத்து, தேய்ந்ததை மாற்றி, பெடலை மிதித்துப் பார்த்து, ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

இதையெல்லாம் பார்த்து அதிகமாகச் சிரித்த ஆள் வெளியாள் இல்லை. சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். பல காலம் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் ராத்திரி மழையில் லோடு ஏற்றிக்கொண்டு வந்த கதைகளை அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், அவருக்கோ பசி எடுக்கும். அன்பான மனிதர்தான். ஆனால் மாப்பிள்ளையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. கட்டைக்காரர் எதையாவது வேண்டாம் என்றால், அதைச் செய்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அந்த வருடம் மச்சானுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. மழைக்காலம் முழுக்க வீட்டில் கிடந்தார். லாரியை விற்ற பிறகு ஆசையாக வாங்கிய கார் வீட்டு முன்னால் அப்படியே நின்றது. அவர் வீடு தெருவைவிட உயரம். கேட்டிலிருந்து வாசல்வரை சிமெண்ட் போட்ட சரிவு. அதில் கார் முகத்தை வீட்டுப் பக்கம் வைத்து, பின்பக்கத்தைத் தெருப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. கால் சரியானதும் மச்சான் போன் செய்தார். சாயங்காலம் வருவதாக இவர் சொன்னார். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று மத்தியானம் கட்டைக்காரர் வேறொரு வீட்டில் வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவிக்கு விடுமுறை, ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். போன் அடித்தது.

"மாப்ள, உன் வேலையை நானே முடிச்சிட்டேன் போ," என்றது மச்சானின் குரல். குரல் விசித்திரமாக இருந்தது. டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு முழக்கம்.

"எங்க இருக்கீங்க மச்சான்?"

"எங்க இருப்பேன்? வண்டிக்கு அடியிலதான். ஸ்பீக்கர்ல போட்டுத் தலைமாட்டுல வச்சிருக்கேன். இடது சக்கரம் விட்டுடுச்சு மாப்ள. ரெண்டு போடு போட்டேன், டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. வலதுதான் இன்னும் முரண்டு பிடிக்குது."

கட்டைக்காரரின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஹேண்ட்பிரேக்?"

"இறக்கிட்டேன்."

"கியர்?"

"நியூட்ரல். முன்னால நின்னு தள்ளிப் பாத்தேனே, நியூட்ரல்ல போடாம எப்படித் தள்ளுறது?"

"சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கீங்களா மச்சான்? கல்லாவது?"

"எதுக்குய்யா கட்டை? அதான் அசையவே மாட்டேங்குதே!"

ஈரக்குலை நடுங்குவது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை என்று கட்டைக்காரருக்கு அப்போது தெரிந்தது. விலா எலும்புக்குக் கீழே ஏதோ நிஜமாகவே ஆடியது. சரிவில் நிற்கிற கார். ஹேண்ட்பிரேக் இல்லை, கியர் இல்லை, கட்டை இல்லை. அதைப் பிடித்து வைத்திருந்தது வலது பக்க டிரம்முக்குள் இருக்கும் துரு ஒன்றுதான். அந்தத் துருவைத்தான் மச்சான் அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். அது விட்டால் கார் பின்னால் உருளும், முன் சக்கரம் அவர் மேல் ஏறும்.

"மச்சான், வெளிய வாங்க! உடனே வெளிய வாங்க! கை எடுத்துக் கும்பிடுறேன், அடிக்காதீங்க!"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "ஆரம்பிச்சிட்டாண்டா! இங்க பாரு மாப்ள..."

டங்!

"பாத்தியா? எதாவது ஆச்சா? உசுரோடதான இருக்கேன்?"

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த மனைவிக்கும் அண்ணனின் சிரிப்பு கேட்டது. அவரும் சிரித்தார். இது அவர்கள் குடும்பத்தில் என்றும் நடக்கிற கூத்துதானே. இவர் பயப்படுவார், அவர் சீண்டுவார்.

கட்டைக்காரர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு தடுமாறி ஸ்கூட்டரில் ஏறினார். "அண்ணன் வீட்டுக்கு. வேகமா போ," என்று கிசுகிசுத்தார். வேகமாகப் போ என்று அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. மனைவி புருவத்தை உயர்த்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

போனை வைத்துவிட்டு வேறு யாரையாவது கூப்பிடலாமா? மச்சானின் மனைவி இந்நேரம் வேலையில் இருப்பார், அந்த ஆபீஸ் ஊரின் இன்னொரு கோடியில். பக்கத்து வீட்டு நம்பர் தெரியாது. இவர் போனை வைத்த அடுத்த நிமிடம் மச்சான் அடிக்க ஆரம்பித்துவிடுவார். உண்மையைச் சொன்னாலும் அடிப்பார். கெஞ்சினால் இன்னும் ஓங்கி அடிப்பார், இப்போதுதான் பார்த்தாகிவிட்டது. தன்னுடைய பயமே அந்த மனிதரின் கையிலிருக்கும் சுத்தியலைத் தூக்கிவிடுகிறது என்று இவருக்குப் புரிந்தது. பயத்தைத் தவிர வேறெதுவும் கைவசம் இல்லாத மனிதர், இப்போது பயப்படாதவர் மாதிரிப் பேசியாக வேண்டும்.

போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மச்சான்," என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்தச் சுத்தியலால அடிக்கிறீங்க?"

"வீட்டுல ஆணி அடிக்கிறது."

"அட என்ன மச்சான் நீங்க! அதால தட்டினா வண்டிக்குக் கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது. சம்மட்டி எடுத்துட்டு வந்து ஒரே போடு போடுங்க. விடுதா இல்லையான்னு பாத்துடுவோம்."

ஒரு கணம் மறுமுனை அமைதியாகிவிட்டது. அந்த ஒரு கணத்தில் கட்டைக்காரர் செத்துப் பிழைத்தார்.

"மாப்ள! நீதானா பேசுறது? இன்னிக்குத்தான்யா ஆம்பளை மாதிரி பேசுற!"

"லாரிக்காரர் வீட்டுல சம்மட்டி இல்லாமலா இருக்கும்? போய் எடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன். அந்த ஒரு அடி விழுற சத்தத்தை நானும் கேக்கணும்."

முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தார். "என்னங்க, இன்னிக்கு வீரம் வழியுது?"

இவர் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். போனில் துணி சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. மச்சான் வெளியே நகர ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷன் செய்த காலோடு அந்தக் கனத்த உடம்பு எப்படி வெளியே வரும்? எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். எதைப் பிடிப்பார்? சக்கரத்தைப் பிடிப்பாரோ? மூச்சு வாங்கும் சத்தம். "அம்மாடி" என்று ஒரு முனகல். இரும்பு ஒன்று க்ரீச்சென்று மெல்ல முறுகும் சத்தம். கட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் பேச்சு வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார். மெதுவா வாங்க மச்சான், கால் பத்திரம், அவசரம் ஒண்ணும் இல்ல, நல்ல பெரிய சம்மட்டியா பாருங்க. இன்னொரு கை மனைவியின் தோளை இறுகப் பற்றியிருந்தது.

"வந்துட்டேன்யா வெளிய," என்றது மச்சானின் குரல். இப்போது டப்பாவுக்குள்ளிருந்து வரவில்லை, கொஞ்சம் தள்ளியிருந்து வந்தது. "போன் அங்கயே கிடக்கட்டும். திரும்பவும் உள்ளதான வரப்போறேன். இரு, தேடி எடுத்துட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. கதவு திறந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கட்டைக்காரர் மூச்சை விட்டார். அதுவும் பாதிதான் வெளியே வந்தது. சம்மட்டியோடு திரும்பி வந்ததும் அந்த மனிதர் மறுபடி உள்ளே போவாரே. இந்த முறை ஒரே அடியில் வண்டி விட்டுவிடும். விட வைக்கும் ஆயுதத்தை எடுத்துவரச் சொன்னவரும் இவரேதான். அவர் தேடுவதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்ததாக என்ன சொல்லி நிறுத்துவது? ஏதாவது ஒன்று தோன்றாதா என்று மண்டையைக் கசக்கினார். ஒன்றும் தோன்றவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. மனைவி நிறுத்தினார். நிற்காமல் போ என்று சொல்ல வாய் திறந்தார். குறுக்கே பஸ் போய்க்கொண்டிருந்தது.

பச்சை விழுந்து வண்டி நகர்ந்தபோது போனில் ஒரு சத்தம் கேட்டது. சுத்தியல் அடி மாதிரி இல்லை. கனமான கதவின் தாழ்ப்பாள் விலகுவது போல, டொக். அதன் பின்னால் ஏதோ உருண்டு வரும் சத்தம். சட்டென்று காதை அறுப்பதுபோல ஒரு நொறுங்கல். அதோடு போன் செத்துப்போனது.

கட்டைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. இன்னொரு தரம் கூப்பிட்டார். அதே குரல், அதே பொறுமை.

"என்னாச்சு?" என்றார் மனைவி. தோளை நெரிக்கும் அந்தக் கை இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "என்னங்க, என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்குறீங்க?"

"வண்டி உருண்டுடுச்சு."

"அண்ணன்?"

"தெரியல."

"தெரியலன்னா? அண்ணன் எங்க இருந்தாங்க? அடியிலயா?"

"வெளிய வந்தாங்க. திரும்ப உள்ள போனாங்களான்னு தெரியல."

வண்டி ஒரு முறை ஆடி நேரானது. ஊருக்கே பதறாமல் ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்ணின் கையில் வண்டி தடுமாறியது அன்றுதான் முதல்முறை. "நீங்கதானே பெரிசா எடுத்துட்டு வந்து அடிக்கச் சொன்னீங்க!" என்று காற்றில் கத்தினார். "நான் கேட்டுட்டுத்தானே வந்தேன்! ஒரே போடு போடுன்னு சொன்னீங்களே! எங்க அண்ணனைப் போய்!"

கட்டைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெளியே வரவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை உண்மையா என்பது அவருக்கே தெரியாமல் போய்விட்டிருந்தது. மச்சான் சம்மட்டியோடு வந்து மறுபடி படுத்திருந்தால்? செருப்புச் சத்தம் திரும்பி வந்ததை பஸ் இரைச்சலில் தான் கவனிக்காமல் விட்டிருந்தால்? அப்படியானால் மனைவி சொல்வதுதான் சரி. தான் சொன்ன சொல்லில்தான் அவர் போனார். எத்தனையோ வருடம் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்தவர், அவ்வளவு பயமும் சேர்ந்தால்கூட இதில் கால்வாசி இராது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெரு திரும்பியதும் கூட்டம் தெரிந்தது. கேட்டின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கார் தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறமிருந்த பூட்டிய குடோனின் சுவரில் பின்பக்கத்தைச் சொருகிக்கொண்டு நின்றது. தெருவில் அந்நேரம் ஆள் நடமாட்டம் இல்லாதது பெரிய புண்ணியம். ஆட்கள் காரைச் சுற்றி நின்றார்கள். சரிவின் பக்கம் திரும்பக் கட்டைக்காரரின் கண் மறுத்தது. மனைவி ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். கட்டைகள் தெருவில் சிதறின. இவர் அந்தக் கட்டைகளைத் தாண்டி, காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக்கொண்டு போனார்.

மச்சான் சரிவில் உட்கார்ந்திருந்தார்.

முழு ஆளாக இருந்தார். தலை இருந்தது, கை இருந்தது, ஆபரேஷன் செய்த காலை நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி அண்ணனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திட்டுகிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார். அந்த மனிதர் தங்கையைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் சிமெண்டில் கண்ணாடித் தூளும் தகட்டுத் துண்டுமாகப் போன் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கிடந்த இடம் சற்று முன்னால் அவர் தலை இருந்த இடம். இடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் டயர் போன தடம் கறுப்பாக இருந்தது.

கட்டைக்காரரின் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"மாப்ள," என்றார். அந்த முழங்கும் குரல் எங்கேயோ போயிருந்தது. "என் வீட்டுல சம்மட்டியே கிடையாது மாப்ள."

தங்கை அவர் முகத்தை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த போனைப் பார்த்தார்.

"லாரியை வித்தப்பவே அதோட போயிடுச்சு. எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் லாரி ஓட்டினவன் வீட்டுல ஒரு சம்மட்டி இல்லன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதுவும் நீ அப்படிக் கெத்தாப் பேசும்போது? அதான் தேடுற மாதிரி உள்ள போய்ச் சும்மா நின்னுகிட்டு இருந்தேன். கிடைக்கல, இதே போதும்னு சொல்லிட்டு மறுபடி அடியில போயிடலாம்னு கிளம்பி வாசல்வரைக்கும் வந்துட்டேன் மாப்ள. வாசல்வரைக்கும் வந்துட்டேன்."

ஆணி அடிக்கிற அந்தச் சின்னச் சுத்தியல் இன்னமும் அவர் கையில் இருந்தது. விரல் விறைத்துப்போய் விட மறுத்தது. தங்கை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கட்டைக்காரர் அவர் பக்கத்திலேயே சரிவில் உட்கார்ந்தார். மச்சான் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வாசல்படி அவர்களுக்குப் பின்னால் இருந்தது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கக் கட்டைக்காரருக்குத் தைரியம் வரவில்லை.